சிங்கப்பூருக்கு நாலைஞ்சு நாள், கூட்டாளிமாரோட: எங்க சாப்பிடுறது, எதைப் பாக்கிறது?

பரந்தன்சந்தி (கிளிநொச்சி)

வணக்கம் உறவுகளே. காலபோக வெட்டு முடிஞ்ச கையோட, பங்குனியில, ஏ.எல். ஒண்டாப் படிச்ச பெடியள் அஞ்சு பேர் சிங்கப்பூருக்கு வெளிக்கிடுறம். மனிசிமார் இல்லை, பிள்ளையள் இல்லை. அதுக்கு வீட்டில சம்மதம் எடுத்த கதைக்குத் தனி இழை வேணும். இலங்கைப் பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, கட்டுநாயக்காவில இருந்து நாலு மணித்தியாலப் பறப்பு. அதுதான் சிங்கப்பூர் எண்டு முடிவெடுத்தது.

பிரச்சினை சாப்பாடு. ஒருத்தன் செவ்வாய், வெள்ளி மச்சம் தொடான். செட்டிகுளத்தான் ஒருத்தன், அவனுக்கு ஹலால். மூண்டாவது ஆளுக்கு மத்தியானம் சோறு இறங்கவேணும், இல்லாட்டி பின்னேரம் முழுக்க முகத்தைப் பாக்கேலாது. நாலாவது ஆள் யூனிவேர்சல் ஸ்டூடியோவைத் தவிர வேற கதை கதைக்கிறானில்லை. எனக்கு நடந்து திரிஞ்சு கண்டதையும் திண்டால் காணும்.

ரவுணில ஒரு பயண முகவரிட்டக் கேட்டம். தந்த தாளில மத்தியானமும் இரவும் "இந்திய உணவகத்தில் பஃபே" எண்டு கிடக்கு. உதுக்கோ கடல் தாண்டிப் போறது? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.


ஓமந்தைக்காரன்

தம்பி, நான் சொல்லுறது உமக்குப் பிடிக்காது. பெக்கேஜில போங்கோ. அஞ்சு பேர், அஞ்சு வாய், அஞ்சு பிடிவாதம். வேன் வரும், ஏறலாம், இறங்கலாம், சாப்பாடு மேசையில இருக்கும். சொந்தமாப் போனால் முதல் நாளே "எங்கயடா சாப்பிடுறது" எண்டு ரோட்டில நிண்டு சண்டை பிடிப்பியள். காலிமுகத்திடலில இஸ்ஸோ வடை வாங்கவே அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்ட கூட்டம் எனக்குத் தெரியும்.


முள்ளியவளை_அக்கா

ஓமந்தை அண்ணை சொல்லுற அந்தச் சண்டைக்குத்தான் சிங்கப்பூரில மருந்து இருக்கு. ஹோக்கர் சென்டர் எண்டு சொல்லுறது. ஒரு கூரைக்குக் கீழ ஐம்பது, நூறு கடை, நடுவில மேசை கதிரை. நீங்கள் அஞ்சு பேரும் அஞ்சு கடையில வாங்கி ஒரு மேசையில இருந்து சாப்பிடலாம். ஒருத்தருக்காக மற்றவன் வயித்தைக் கட்டத் தேவையில்லை. 2020இல யுனெஸ்கோ அந்த நாட்டு ஹோக்கர் பண்பாட்டையே மரபுப் பட்டியலில சேர்த்திட்டுது.

என்ரை தங்கச்சி குடும்பம் அங்க இருந்தபடியால் நான் கொஞ்சக் காலம் நிண்டனான். தம்பி, ஒண்டை மட்டும் பிடிச்சுக்கொள்ளும்: டவுண்டவுண் லைன் எண்டு ஒரு ரயில் பாதை, படத்தில நீலக்கோடு. லிட்டில் இந்தியாவுக்குக் கிட்ட அறை எடுங்கோ. எயர்போட்டில ரயில் ஏறினால் அடுத்த தரிப்பு எக்ஸ்போ, அங்க இறங்கி நீலக்கோட்டுக்கு மாறினால் நேரா லிட்டில் இந்தியா. அங்க இருந்து அதே கோட்டில பூகிஸ் இறங்கினால் கம்போங் கிளாம் எண்ட பழைய மலாய்ப் பகுதி, சுல்தான் பள்ளிவாசல். பேஃபிரண்ட் இறங்கினால் கார்டன்ஸ் பை த பே பூங்காவில நிக்கிற பெரிய இரும்பு மரங்கள், மரினா பே. தெலுக் ஆயர் இறங்கினால் லாவ் பா சாட் எண்ட பழைய ஹோக்கர் சென்டர். அடுத்தது சைனாரவுண். உங்களுக்குத் தேவையானதில முக்கால்வாசி ஒரே கோட்டில கிடக்கு. வேனுக்கு ஏன் காசு?

அரை நாளைக்கு ஒரு பகுதி எண்டு வைச்சு, அந்தப் பகுதியில என்ன நல்லமோ அதை அங்கயே சாப்பிடுங்கோ. இடத்துக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு இன்னொரு பக்கம் எண்டு ஓடினால்தான் களைப்பும் சண்டையும்.

லிட்டில் இந்தியா ஸ்ரேசனால வெளிய வந்தால் பக்கத்திலயே தேக்கா சென்டர். கீழ மீன், இறைச்சி, மரக்கறிச் சந்தை, பக்கத்தில சாப்பாட்டுக் கடையள். முருங்கைக்காயையும் கண்டு, ஆட்டிறைச்சி வெட்டுறதையும் பாத்திட்டு, அப்பிடியே பிரியாணிக்கு வரிசையில நிக்கலாம். சோத்துக்காரனை அங்க விட்டால் ஆள் ஆறிடுவான். சைவக்காரருக்கு செரங்கூன் றோட்டில கோமள விலாஸ் 1947இல இருந்து இருக்கு. ஆனால் வெள்ளிக்கிழமையும் தோசைதான் எண்டு நினைக்கவேண்டாம். சீன ஆக்கள் நடத்துற சைவக் கடையள் ஹோக்கர் சென்டருகளில இருக்கு, கனபேர் உள்ளி வெங்காயமும் போடாயினம். மச்சம் மாதிரியே சோயாவில செய்து வைப்பினம், உங்கட விரதக்காரர் பாத்துப் பயப்பிடாமல் கேட்டு வாங்கட்டும்.


பரந்தன்சந்தி

அக்கா, நீலக்கோட்டு விசயத்தை அப்பிடியே வாட்சப் குறூப்பில போட்டிட்டன். ரெண்டு கேள்வி. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கிறது? காட்டோ காசோ?


முள்ளியவளை_அக்கா

சிங்கப்பூர் டொலர் ஏறி இறங்கும், ஆனால் 230 ரூபா எண்டு வைச்சுக் கணக்குப் பாத்தால் பெரிசாப் பிழைக்காது. ஹோக்கர் சென்டரில சிக்கன் ரைஸ் 4, 5, 6 டொலருக்குள்ள. எங்கட காசில ஆயிரத்தை ஒட்டியும் தாண்டியும் வரும்தான், ஆனால் அந்த நாட்டுக்கு அது மலிவுச் சாப்பாடு. கண்ணாடிக் கதவு போட்ட உணவகத்துக்குப் போனால் மெனுவில விலைக்குப் பக்கத்தில ரெண்டு கூட்டல் குறி கிடக்கும். ஒண்டு 10 வீதம் சேவைக் கட்டணம், மற்றது 9 வீதம் வரி. 20 டொலர் எண்டு வாசிச்சது பில்லில 24 டொலராய் வரும். உது தெரியாமல்தான் எங்கட ஆக்கள் கடைக்காரனோட கொழுவுறது.

ரயிலுக்கும் பஸ்சுக்கும் உங்கட வங்கியின்ர விசா, மாஸ்ரர் காட்டையே தட்டலாம், வெளிநாட்டுக் காட்டுக்கு நாளுக்கு ஒரு சின்னக் கட்டணம் சேரும். ஆளுக்கு ஒரு காட் வேணும், ஒண்டை வைச்சு அஞ்சு பேர் போகேலாது. ஹோக்கர் கடையில கனபேர் எங்கட காட் எடுக்கமாட்டினம். கையில டொலர்த் தாள் வைச்சிருங்கோ.

மேசையில கைதுடைக்கிற ரிசுப் பொதி ஒண்டு தனியாக் கிடந்தால் அது ஆரோ பிடிச்ச இடம், தூக்கி எறிஞ்சு போட்டு இருந்திடாதேங்கோ. சாப்பிட்ட தட்டைத் தட்டுவைக்கிற இடத்தில நீங்களே கொண்டுபோய் வைக்கவேணும், 2021இல இருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி இடம் இருக்கும், கலக்காதேங்கோ.


ஓமந்தைக்காரன்

லட்சக் கணக்கில ரிக்கெற் போட்டு வெளிநாடு போய், தட்டும் தூக்கிறதோ? நல்ல விடுமுறை.


செட்டிகுளம்_ஹலால்காரன்

ஓமந்தை அண்ணை, நான் தட்டுத் தூக்கத் தயார். பரந்தன் சொன்ன செட்டிகுளத்தான் நான்தான்.

நான் கொஞ்சம் தேடிப் பாத்தனான். அங்க முயிஸ் எண்ட சபை ஹலால் சான்றிதழ் குடுக்குது, கடை முகப்பில ஒட்டியிருப்பினம். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் நோர்த் பிரிட்ஜ் றோட்டில ஸம் ஸம் எண்ட கடை, 1908இல இருந்து முர்தபாக் போடுறாங்களாம். பள்ளிவாசல் இப்ப இருக்கிற கட்டடம் 1932இல முடிச்சது. ஜும்மாவுக்கு அங்க போயிட்டு முர்தபாக். வெள்ளிக்கிழமையை நான் எடுத்திட்டன், சைவக்காரன் மன்னிக்கவேணும்.


முள்ளியவளை_அக்கா

அந்தக் கடை வாசலில நிண்டு பாருங்கோ தம்பி, சாப்பிடுறதிலும் பாக்கிறது வடிவு. மாவை எண்ணெய்க் கல்லில தட்டித் தட்டி வீசினால் மேசையளவுக்கு வரும், மற்றப் பக்கம் தெரியிற மெல்லிசு. நடுவில கொத்தின இறைச்சி, வெங்காயம், முட்டை. நாலு பக்கத்தாலயும் மடிச்சு கல்லில போட்டால் விளிம்பு மொறுமொறுத்து உள்ளுக்கை ஈரம் நிக்கும். குழம்பு பக்கத்தில தருவினம். அளவு சொல்லேக்க சின்னனைச் சொல்லுங்கோ, பெரிசு ரெண்டு பேருக்குக் காணும். சைவக்காரனுக்கும் வழி இருக்கு, பூகிஸ் பக்கம் சைவக் கடையள் நடந்து போற தூரம்.


வவுனிக்குளத்தான்

நானும் ஒரு சொல்லுச் சொல்லட்டோ. எல்லாரும் திண்ணுறதைப் பற்றியே கதைக்கிறியள். மழை காலத்தில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தால் மோட்டச்சைக்கிளில குடும்பத்தோட போய் நிண்டு பாக்கிற சனம் நாங்கள். மரினா பராஜ் எண்ட அணைக்கட்டைப் பாக்காமல் வந்திட்டால் வன்னியான் எண்டு சொல்லாதேங்கோ.

2008இல திறந்தது. ஆறு கடலில விழுற வாயை, 350 மீற்றர் அகலத்தை, 9 இரும்புக் கதவால மறிச்சு நகரத்துக்கு நடுவிலயே நன்னீர்க் குளம் ஆக்கியிருக்கிறாங்கள். மழை பேய்ஞ்சு, கடல் வத்தாக இருந்தால் கதவைப் பதிச்சுத் தண்ணியைக் கடலுக்கு விடுவினம். கடல் பெருக்காக இருந்தால் கதவு திறக்கேலாது, உப்புத்தண்ணி உள்ளுக்கை வந்திடும். அப்ப 7 ராட்சத பம்பு இறைக்கும். முந்தி சைனாரவுண் மாதிரியான பள்ளப் பகுதியள் வெள்ளத்தில கிடந்ததுக்கு அதுதான் வழி செய்தது. வெள்ளம் தடுக்கிறதும் குடிதண்ணியும் ஒரே அணையில. கூரை முழுக்கப் புல்லு, பின்னேரம் சனம் பட்டம் விடும். ஒரு சதம் ரிக்கெற் இல்லை. கூரையில நிண்டால் ஒரு பக்கம் நகரம், மற்றப் பக்கம் கப்பல் வரிசை.




பரந்தன்சந்தி

வவுனிக்குளத்தார், இது ஒருத்தரும் சொல்லாத இடம். குறூப்பில போட்டவுடன வயல்காரன் ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டினம். யூனிவேர்சல்காரன் மட்டும் "அணைக்கட்டுப் பாக்க சிங்கப்பூரோ" எண்டு கேக்கிறான்.


ஓமந்தைக்காரன்

அவன் சொல்லுறது நியாயம்தானே. ஒருக்காப் போற இடம். செந்தோசாத் தீவு, யூனிவேர்சல், அந்தக் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள இருக்கிற பூந்தோட்டம், இதுகளைப் பாக்காமல் வந்து, சோத்துக்கடையும் வான்கதவும் பாத்தம் எண்டு சொன்னால் ஊரில சிரிப்பினம்.


மல்லாவி_ரீச்சர்

ஓமந்தை அண்ணருக்கு ஒரு சொல். காசு கொடுத்துப் பார்க்கிறவற்றில் ஒன்றிரண்டைத் தெரிந்தெடுப்பதில் தவறில்லை. யூனிவேர்சல் போகிறவர் ஒரு நாளை அதற்கே கொடுக்கட்டும், மற்ற நால்வரும் ஏன் இழுபட வேண்டும்? நண்பர்கள் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்ற எண்ணம்தான் இப்படியான பயணங்களைக் கெடுப்பது. காலையில் பிரிந்து போய், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையில் கூடுங்கள்.

காசில்லாமல் பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. கார்டன்ஸ் பை த பேயில் அந்த இரும்பு மரங்களுக்குக் கீழே நின்று பார்க்க ஒன்றும் கட்டத் தேவையில்லை. மொத்தம் 18 மரங்கள், உயரமானவை 50 மீற்றர். இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு ஒளிக்காட்சி. நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் படுக்கிறார்கள். தாவரவியல் பூங்காவும் இலவசம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபிடமானது. உள்ளே ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம்.

சைனாரவுணில் சௌத் பிரிட்ஜ் றோட்டில் மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது. அதே தெருவில் சில அடி தள்ளி சூலியா பள்ளிவாசல், அந்தப் பக்கம் புத்தரின் தந்தக் கோயில். உங்கள் கூட்டத்துக்கு ஏற்ற தெரு. அதற்குக் கிட்ட மக்ஸ்வெல் ஹோக்கர் சென்டர்.

ஒரு காலை கத்தோங் பக்கம் போங்கள். அங்கே சிலோன் றோட் என்றே ஒரு வீதி இருக்கிறது. அதில் செண்பக விநாயகர் கோயில், நம்மவர்கள் கட்டி எழுப்பியது. குளக்கரையில் செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்தது என்பது தலவரலாறு. றெயில்வேக்கும் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராகப் போன யாழ்ப்பாணத்துச் சனத்தின் தடம் அது. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே. ஓ.எல். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. கத்தோங்குக்கு 2024இல் மரின் பரேட் ஸ்ரேசன் திறந்திருக்கிறது, நடந்து போகலாம்.


முள்ளியவளை_அக்கா

ரீச்சர் கத்தோங்கைச் சொன்ன பிறகு லக்ஸா சொல்லாமல் விடேலாது. தேங்காய்ப்பாலில செத்தல் மிளகாயும் கூனி இறாலும் அரைச்சுப் போட்ட, உறைப்பான சொதி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குள்ள வெள்ளை நூடில்ஸ். கத்தோங்கில நூடில்சைக் கட்டையா வெட்டிப் போடுறதால கரண்டியாலயே அள்ளிக் குடிக்கலாம். சைவக்காரர் கிட்டப் போகவேண்டாம், இறாலும் மட்டியும்.

சிக்கன் ரைஸ் பாத்தால் வெளுத்துப் போய்க் கிடக்கும், "நோயாளிச் சாப்பாடோ" எண்டு எங்கட ஆக்கள் கேப்பினம். கோழியை மெல்லிய சூட்டில அவிச்சு உடனே ஐஸ் தண்ணியில தாழ்ப்பினம், தோல் வழுவழுப்பா இறுகும். உண்மையான விசயம் சோத்தில இருக்கு. கோழிக் கொழுப்பில இஞ்சி உள்ளி தாளிச்சு, கோழி அவிச்ச தண்ணியிலயே ரம்பை போட்டுக் காய்ச்சுறது. பக்கத்தில வைக்கிற மிளகாய்ச் சம்பலை ஒதுக்கிப் போட்டுச் சாப்பிட்டால் ஒண்டும் விளங்காது. சீனக் கடையளில கனக்க ஹலால் இல்லை, செட்டிகுளத்துத் தம்பி மலாய்க் கடையில கேளும்.

நண்டு. சிலி க்ராப் எண்டு எல்லாரும் சொல்லுவினம். கடைத் தொட்டியில "சிறிலங்கா நண்டு" எண்டு பெருமையா எழுதிக் கிலோ விலை போட்டிருப்பினம். கொக்கிளாய்க் களப்பில இருந்து வந்து எங்களையே பாத்துக்கொண்டு கிடக்கும்! அஞ்சு பேருக்கு ஒண்டைப் பகிர்ந்து, குழம்பைப் பொரிச்ச பணிசில தொட்டுத் தின்னுங்கோ. நிறுத்து விலை சொன்ன பிறகு மட்டும் தலையை ஆட்டுங்கோ.


நெடுங்கேணி_பெடியன்

மீன்தலைக் கறியை விட்டிட்டியள். கேரளத்தில இருந்து போன எம்.ஜே. கோமஸ் எண்டவர் 1949இல சிங்கப்பூரில தொடக்கினது எண்டு சொல்லுறவை. சீன ஆக்களுக்கு மீன்தலை விருப்பம், மலையாளத்தாருக்குக் குழம்பு விருப்பம், ரெண்டையும் சேர்த்திட்டார். ரேஸ் கோர்ஸ் றோட்டுப் பக்கம் வாழையிலையில சோத்தோட கிடைக்கும். சோத்துக்காரனுக்கு என்ரை சிபாரிசு அதுதான்.

கோப்பிக் கடையில கவனம். சும்மா "கோப்பி" எண்டால் ரின்பாலோட வரும். "கோப்பி ஓ" எண்டால் பால் இல்லை, சீனி இருக்கும். "கோசோங்" எண்டு சேர்த்தால் சீனியும் இல்லை. பிளேன்ரீக்கு "தே ஓ". விடிய காயா (தேங்காய்ப்பால், முட்டையில செய்யிற ஜாம்) பூசின ரோஸ்ட், அரை அவியல் முட்டை. முட்டை தண்ணியாத்தான் இருக்கும், திருப்பி அனுப்பாதேங்கோ.


நெறியாளர்

உறவுகளுக்கு: சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் இணையத்தளங்களின் இணைப்புகள் இந்த இழையில் இரண்டு முறை நீக்கப்பட்டுள்ளன. திரும்பும் ரிக்கெற், தங்குமிடப் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், விசா வேண்டாம் என்றாலும் உள்ளே விடுவது அங்குள்ள அதிகாரியின் முடிவு.


வவுனிக்குளத்தான்

உங்கட கூட்டத்தில வெத்திலை போடுற ஆள் இருந்தால் சொல்லி வையுங்கோ. மெல்லுற புகையிலை அங்க கொண்டுபோகத் தடை. சுவிங்கமும் 1992இல இருந்து தடை. வேப் இருந்தால் இஞ்சையே எறிஞ்சு போட்டுப் போங்கோ, பிடிச்சால் பகிடி இல்லை. சிகரெட்டுக்கு ஒரு பெட்டியெண்டாலும் தீர்வை. வீட்டில வறுத்துத் தாற ஆட்டிறைச்சியும் வேண்டாம்.

போறதுக்கு: புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாப் போற இரவு பஸ் எண்டால் கொழும்புக்குப் போகாமல் கட்டுநாயக்காச் சந்தியில இறங்கலாம். நடத்துநரிட்ட ஏறேக்கையே சொல்லி வையுங்கோ.


பரந்தன்சந்தி

போட்டு வந்திட்டம். கால் நோ இன்னும் போகேல்லை, அதுதான் பிந்தி எழுதுறன்.

நீலக்கோடுதான் எங்களைக் காப்பாத்தினது. தேக்காவில முதல் மத்தியானமே அஞ்சு பேரும் அஞ்சு கடையில வாங்கி ஒரு மேசையில இருந்தம். ரெண்டாம் நாள் சோத்துக்காரன் தானா வந்து முர்தபாக்கில பாதி கேட்டான். யூனிவேர்சல்காரன் தனியப் போய்ப் பின்னேரம் சிரிச்சுக்கொண்டு வந்தான், ரீச்சர் சொன்னது சரி. மற்ற நாங்கள் அண்டைக்குப் பராஜில. கதவு திறக்கேல்லை, மழை இல்லையே. ஆனால் கீழ இருக்கிற காட்சிக்கூடத்தில பம்பு எப்பிடி வேலை செய்யுது எண்டு மாதிரி வைச்சுக் காட்டுறாங்கள். வயல்காரர் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வரவே பெரும்பாடு.

லாவ் பா சாட் நான் நினைச்சதிலும் திறம். 1894இல கட்டின எட்டுமூலை இரும்புக் கட்டடம், இரும்பெல்லாம் கிளாஸ்கோவில இருந்து வந்ததாம். இருட்டினவுடன பக்கத்துத் தெருவை மறிச்சு மேசை போடுறாங்கள். சாத்தே எண்ட இறைச்சிக் குச்சி சுடுற புகை எங்கட சேட்டெல்லாம். கச்சான் குழம்பில தொட்டுத் தின்னேக்க சைவக்காரன் வெள்ளரிக்காய்த் துண்டை மட்டும் கடிச்சுக்கொண்டு எங்களைப் பாத்த பார்வை இருக்கே, அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. பிறகு ஒரு சீனச் சைவக்கடையில ஆளைக் கொண்டுபோய் இருத்தினம். பொய்க் கோழியைத் திண்டிட்டு "உண்மையாச் சைவம்தானோ" எண்டு மூண்டு தரம் கேட்டவன்.

பிடிக்காதது: நண்டு. ருசி இல்லை எண்டு இல்லை, விலைக்கு அந்தளவு இல்லை. அதே காசுக்கு முல்லைத்தீவில ஒரு கிழமை நண்டு தின்னலாம். செந்தோசாக் கடற்கரையும் எனக்கு அவ்வளவு ஏறேல்லை. நாயாற்றுக் கடற்கரை பாத்த கண்.

தகவலுக்கு: திங்கள், செவ்வாயில ஹோக்கர் கடையள் கனக்கப் பூட்டு. பேர்போன கடைக்குப் போறதெண்டால் புதன் தொடக்கம் வைச்சுக்கொள்ளுங்கோ.


ஓமந்தைக்காரன்

சரி, சண்டை பிடிக்கேல்லை எண்டு வைப்பம். செலவைச் சொல்லும்.


பரந்தன்சந்தி

ரிக்கெற்றும் அறையும்தான் காசைத் தின்னும் அண்ணை. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொண்டுக்கு 25 டொலருக்குள்ள முடிச்சம், நண்டுக் கணக்கைத் தவிர்த்து. அறையை வெள்ளி, சனி வராமல் எடுத்தால் குறையும்.


நெடுங்கேணி_பெடியன்

அடுத்த தைப்பூசத்துக்கு நாங்கள் நாலு பேர் யோசிக்கிறம். நல்லமோ?


முள்ளியவளை_அக்கா

நல்லம், ஆனால் அது வேற பயணம் தம்பி. செரங்கூன் றோட் ஸ்ரீநிவாச பெருமாள் கோயிலில இருந்து டாங்க் றோட் தெண்டாயுதபாணி கோயில் மட்டும் காவடியும் பால்குடமும் போகும், முதல் நாள் இரவே தொடங்கிடும். அங்க அண்டைக்கு அரச விடுமுறை இல்லை, அதால வேலைக்குப் போற சனம் இரவிலயும் விடியப்புறத்திலயும் வந்து நேத்தி முடிக்கும். நீங்களும் அந்த நேரம் போனால் நெரிசல் குறைவு, வெய்யிலும் இல்லை. லிட்டில் இந்தியா அறையை இப்பவே பிடியுங்கோ. மச்சச் சாப்பாட்டை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கோ.